பொழுதுபோக்குப் பூங்காப் பயணம்: வாடகை காரா, விடுதி வாகனமா?

வெளியூரிலுள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்கு (தீம் பார்க்) குடும்பத்துடன் செல்வோர் நுழைவுச்சீட்டுக்கு அடுத்தபடியாக முடிவு செய்ய வேண்டியது போக்குவரத்து. முழுப் பயணத்துக்கும் வாடகை கார் ஒன்றை அமர்த்திக்கொள்வது ஒரு வழி. பூங்காவை ஒட்டிய விடுதியில் தங்கி, விடுதியோ பூங்கா நிர்வாகமோ இயக்கும் பேருந்து, படகு, ஒற்றைத் தண்டவாள ரயில் ஆகியவற்றில் போய்வருவது மற்றொரு வழி. இவ்விரண்டில் எது மலிவு என்று மட்டும் கேட்டால் சரியான விடை கிடைப்பதில்லை. பூங்காவில் கழியும் நாளில் கார் ஓடுவதில்லை. காலை முதல் மாலை வரை நிறுத்துமிடத்தில் வெயிலில் நிற்கிறது. அது தேவைப்படும் நேரமோ, எல்லோரும் நனைந்து, ஆடி, களைத்து வெளியே வரும் இரவு நேரம். அந்த நேரத்தில் வண்டியை யார் ஓட்டுவது, அன்றிரவு எங்கே உறங்குவது என்பவையே இத்தேர்வின் அடிப்படைக் கேள்விகள்.

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவிலிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும்.

சங்கரன்கோவிலிலிருந்து எங்கெங்கே?

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோவிலுக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் பெயர் பெற்ற ஊர். ஊருக்கு அருகில் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா எதுவும் இல்லை. குற்றாலம் பக்கத்தில் இருக்கும்போது நீர் விளையாட்டுக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. ஆயினும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கேட்பது ராட்சத ராட்டினத்தையும் அலைக்குளத்தையும்தான்.

அருகில் உள்ளது மதுரை பரவையில், திண்டுக்கல் சாலையில் அமைந்த அதிசயம் பூங்கா. சுமார் 120 கி.மீ. தொலைவு. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் இங்குத் தங்கும் பேச்சே எழுவதில்லை. நான்கைந்து பேர் என்றால் கார் அமர்த்துவது நியாயமான தேர்வே. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்திலுள்ள பிளாக் தண்டர், தங்கும் விடுதியும் கொண்டது. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம் பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் காரில் போவதைவிட, சங்கரன்கோவிலில் நிற்கும் பொதிகை விரைவு ரயிலில் இரவு உறங்கியபடியே போய், சென்னையில் உள்ளூர் வண்டி பிடிப்பது உடலுக்கும் பணப்பைக்கும் நல்லது.

உண்மையில் யோசிக்க வைப்பது கொச்சி. எர்ணாகுளத்தை அடுத்த பள்ளிக்கரையில் 2000ஆம் ஆண்டு ‘வீகாலேண்ட்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இன்று ‘வொண்டர்லா’ என்று அழைக்கப்படும் பூங்கா அது. சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் வழியாகச் சாலையில் சுமார் 250 கி.மீ. ஒரே நாளில் போய்வர நினைத்தால் முடியும் போலத் தோன்றும் தொலைவு. முடியும் போலத் தோன்றுவதுதான் ஆபத்து.

வாடகைக் கணக்கு

நம் ஊர்களில் வாடகை கார் என்றால் பெரும்பாலும் ஓட்டுநருடன் வருவது. டிராவல்ஸ்காரர்கள் கி.மீ. கணக்கில் வாடகை சொல்வார்கள். அதோடு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. என்ற விதி இருக்கும். வண்டி அவ்வளவு ஓடாவிட்டாலும் அந்தக் கி.மீட்டருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். ஓட்டுநர் பேட்டா, சுங்கம், வண்டி நிறுத்தும் கட்டணம், மாநில எல்லை தாண்டினால் அனுமதிக் கட்டணம் ஆகியவை தனி. கி.மீ. எண்ணுவதும் பயணி ஏறிய இடத்திலிருந்து அன்று. வண்டி ‘ஷெட்’டிலிருந்து கிளம்பி மீண்டும் ஷெட்டுக்குத் திரும்பும் வரை.

கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக, கி.மீட்டருக்கு 14 ரூபாய், நாளொன்றுக்குக் குறைந்தது 250 கி.மீ., பேட்டா நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (நடப்பு வாடகையை அந்தந்த நேரத்தில் விசாரித்து, இந்த எண்களின் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.) கொச்சிக்குப் போய்வர 500 கி.மீ., அங்கே சுற்ற 40 கி.மீ., ஆக 540 கி.மீ.

முதல் திட்டம் மூன்று நாள். முதல் நாள் பயணம், இரண்டாம் நாள் பூங்கா, மூன்றாம் நாள் திரும்புதல். ஓடியது 540 கி.மீ. என்றாலும் கணக்கில் வருவது 750 கி.மீ. வாடகை 10,500 ரூபாய், பேட்டா 1,500 ரூபாய், ஆக 12,000 ரூபாய். ஓடாத 210 கி.மீட்டருக்கு மட்டும் 2,940 ரூபாய் போகிறது. அது காரைப் பூங்கா வாசலில் நிறுத்திவைத்ததற்கான விலை.

இரண்டாம் திட்டம் இரண்டு நாள். முதல் நாள் நண்பகலில் கிளம்பி இரவு கொச்சி சேர்தல். மறுநாள் முழுவதும் பூங்கா. பூங்கா மூடியதும் அப்படியே இரவோடு இரவாகத் திரும்புதல். வாடகை 7,560 ரூபாய், பேட்டா 1,000 ரூபாய், ஆக 8,560 ரூபாய். முதல் திட்டத்தைவிட 3,440 ரூபாய் மிச்சம். ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். பல குடும்பங்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன.

ஆனால் அந்த மிச்சத்தை ஈடுகட்டுவது ஓட்டுநரின் தூக்கம். குடும்பத்தார் பூங்காவில் விளையாடும் பகலில் அவர் நிறுத்துமிடத்தில், வெக்கையில், வண்டி இருக்கையைச் சாய்த்துப் படுத்திருப்பார். அது உறக்கம் ஆகாது. பிறகு புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையிலான மலைப்பாதையை நள்ளிரவுக்குப் பின் அவர் கடக்க வேண்டும். தென்மலை, ஆரியங்காவு வளைவுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குற்றாலத்தில் சாரல் என்று நாம் கொண்டாடும் அதே மாதங்களில் அந்தச் சாலை வழுக்கும். வாகனத்தைச் சொந்தமாக ஓட்டிச் செல்வோர் நிலை இன்னும் மோசம்: பகல் முழுவதும் சறுக்குகளில் ஏறி இறங்கியவரே இரவில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். 3,440 ரூபாயை இவ்வழியில் சேமிப்பது சிக்கனமே அன்று. காரில் போவதென்று முடிவெடுத்தால் பூங்கா நாளின் இரவை அங்கேயே கழிக்க வேண்டும். ஓட்டுநர் படுப்பதற்கும் இடம் இருக்கிறதா என்று விடுதியில் முன்கூட்டியே கேட்க வேண்டும். சில விடுதிகளில் ஓட்டுநர் அறை உண்டு. பலவற்றில் இல்லை.

நாள் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலர் 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்வார்கள். சிலர் நள்ளிரவு தாண்டினால் அடுத்த நாள் என்பார்கள். இரவு பத்து மணிக்குக் கிளம்பும் பயணத்தில் இந்த வேறுபாடு ஒரு முழு நாள் வாடகையைக் கூட்டிவிடும்.

ரயிலும் உள்ளூர் வண்டியும்

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை அகலப் பாதையாகி 2018இல் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, சங்கரன்கோவில்காரர்களுக்குக் கேரளம் நெருங்கிவிட்டது. மதுரை–குருவாயூர் விரைவு ரயில் சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை, கொல்லம், எர்ணாகுளம், ஆலுவா வழியாகச் செல்கிறது. பிற்பகலில் ஏறினால் எர்ணாகுளம் சேர இரவு வெகுநேரமாகிவிடும். திரும்பும் ரயில் காலையில் எர்ணாகுளத்திலிருந்து கிளம்புவதால் பூங்கா நாளின் இரவில் அங்குத் தங்கியே ஆக வேண்டும். மேலே காருக்குச் சொன்ன பாதுகாப்பான திட்டத்தை இந்த ரயில் தன் கால அட்டவணையாலேயே கட்டாயமாக்குகிறது எனலாம். வழியில், கழுதுருட்டிக்கு அருகே 13 கண் பாலத்தின் மேல் ரயில் போகும்போது பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரமாட்டார்கள். 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டைப் பாதையின் பாலம் அது.

எர்ணாகுளம், ஆலுவா ஆகிய இரண்டிலிருந்தும் பள்ளிக்கரை பூங்கா 20 கி.மீட்டருக்கு உட்பட்ட தொலைவில்தான். காலையில் ஒரு டாக்சி, மாலையில் ஒரு டாக்சி போதும். மூன்று நாள் காரை அமர்த்துவதற்குப் பதில் தேவையான இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் காருக்குப் பணம் கொடுப்பது என்பது இதன் பொருள். ஆறேழு பேரும் மூட்டை முடிச்சுகளும் என்றால் இரண்டு டாக்சி பிடிக்க வேண்டிவரும். அப்போது கணக்கு மாறலாம். நடக்க இயலாத முதியவர் உடன் வந்தாலும், கைக்குழந்தை இருந்தாலும், வீட்டு வாசலில் ஏறி விடுதி வாசலில் இறங்கும் வசதிக்காகக் காருக்கு அதிகம் கொடுப்பதில் தவறில்லை.

எண்பலகையைப் பார்த்து ஏற வேண்டும்

வாடகை கார் என்று முடிவானால் முதலில் பார்க்க வேண்டியது எண்பலகையின் நிறம். சங்கரன்கோவில் வட்டாரப் பதிவான ‘டிஎன் 79’ என்பது எல்லா வண்டிகளிலும் ஒன்றுபோல் இருக்கும். நிறம்தான் செய்தி சொல்லும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்லும் வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்த உபயோக வண்டி. (மின் வண்டிகளின் பலகை பச்சை நிறம்.)

தெரிந்தவரின் வெள்ளைப் பலகைக் காரைக் குறைந்த வாடகை பேசி எடுத்துப்போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 66ஆம் பிரிவின்படி போக்குவரத்து வாகனமாகப் பயன்படும் வண்டிக்கு அனுமதி வேண்டும். சொந்த உபயோகத்துக்கான காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். அல்லது பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கக்கூடும். உதவி செய்ய வந்த நண்பர் கடனாளி ஆவதும், அடிபட்டவர் நீதிமன்றத்துக்கு அலைவதும் இப்படித்தான்.

கேரளத்துக்குப் போகும் மஞ்சள் பலகை வண்டியில் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். அகில இந்தியச் சுற்றுலா அனுமதி உள்ளதா, அல்லது எல்லையில் தற்காலிக அனுமதியும் வரியும் செலுத்த வேண்டுமா? செலுத்துவது யார்? இதைப் பேசாமல் கிளம்பிவிட்டுப் புளியரையில் நின்று வாக்குவாதம் செய்வோர் பலர். ஓட்டுநரைத் தவிர்த்து ஆறு பேர் வரை ஏறுவது மோட்டார் கேப், ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை மேக்ஸி கேப் என்பது சட்டத்தின் வகைப்பாடு. ‘பிள்ளைகள்தானே, மடியில் உட்காரட்டும்’ என்று கூடுதலாக ஏற்றுவது அனுமதியையும் மீறுவது, பாதுகாப்பையும் கெடுப்பது.

விடுதியின் வண்டி

விடுதிப் போக்குவரத்து எந்த அளவுக்குப் பயன்படும் என்பது பூங்காவின் பரப்பைப் பொறுத்தது. பெங்களூரு–மைசூரு சாலையில் பிடதிக்கு அருகிலுள்ள வொண்டர்லாவில் விடுதி பூங்காவை ஒட்டியே அமைந்திருக்கிறது. அங்குத் தங்குவோருக்குப் பூங்கா நாளில் கார் எதற்கும் உதவாது. பெங்களூரு நகரத்திலிருந்து பிடதி வரை மாநகரப் பேருந்துகளும் ஓடுகின்றன.

ஐதராபாத்துக்கு வெளியே, விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ள ராமோஜி திரைப்பட நகரம் இதற்கு இன்னும் தெளிவான சான்று. 1996இல் தொடங்கப்பட்ட அது 1,600 ஏக்கருக்கும் மேல் பரந்தது. பார்வையாளர்களின் வண்டிகள் வாசலோடு சரி. உள்ளே படப்பிடிப்புத் தளங்களைச் சுற்றிக்காட்டுவது நிர்வாகத்தின் பேருந்துகளே. எவ்வளவு விலையுயர்ந்த காரில் போனாலும் அங்கே எல்லோரும் அந்தப் பேருந்தில்தான் ஏற வேண்டும். இத்தகைய இடத்துக்குச் சங்கரன்கோவிலிலிருந்து கார் எடுத்துப் போவதில் பொருளில்லை.

வெளிநாட்டில்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் செல்லும் வெளிநாட்டுப் பூங்கா, சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ். 2010இல் திறக்கப்பட்டது. ஹார்பர்ஃபிரண்ட் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து 2007 முதல் ஒற்றைத் தண்டவாள ரயில் தீவுக்குள் செல்கிறது. தீவுக்குள் ஓடும் பேருந்துகளுக்குக் கட்டணம் இல்லை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் நாடு என்பதால், ஆங்கிலம் தெரியாத தாத்தா பாட்டிகளும் யாரையாவது தமிழில் கேட்டுப் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே வாடகை கார் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி உலகத்தில் நிலைமை வேறு. ‘வாடகை காரா, விடுதி வாகனமா’ என்ற கேள்வி பிறந்த இடமே அது எனலாம். 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 40 சதுர மைல். நான்கு பெரிய பூங்காக்கள், பல விடுதிகள். விடுதிகளையும் பூங்காக்களையும் பேருந்து, படகு, ஒற்றைத் தண்டவாள ரயில், 2019 செப்டம்பரில் வந்த கம்பிவட ஊர்தி ஆகியவை இணைக்கின்றன. இவற்றுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இங்கே கார் வைத்திருப்பவர் எப்போதும் முந்துவதில்லை. மேஜிக் கிங்டம் என்னும் முதன்மைப் பூங்காவுக்குக் காரில் வருவோர் ஏரியின் மறுகரையிலேயே வண்டியை நிறுத்த வேண்டும். அங்கிருந்து படகிலோ ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ ஏரியைக் கடந்துதான் பூங்கா வாசலை அடையலாம். விடுதிப் பேருந்து வாசலுக்கு அருகிலேயே இறக்கிவிடும். கார் வேகமானது என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது. மறுபுறம், ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்கு நேர்ப்பேருந்து இல்லை. ஏதேனும் ஒரு பூங்காவுக்குப் போய் அங்கே வேறு பேருந்து மாற வேண்டும். கென்னடி விண்வெளி மையத்துக்கோ, போட்டி நிறுவனமான யுனிவர்சல் பூங்காவுக்கோ டிஸ்னியின் பேருந்துகள் செல்வதில்லை.

செலவு விதிகளும் அடிக்கடி மாறியிருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து விடுதி வரை 2005 முதல் இலவசமாக அழைத்துச் சென்ற பேருந்துச் சேவை 2022 ஜனவரியில் நின்றுபோனது. விடுதியில் தங்குவோரின் காருக்கு 2018இல் வந்த இரவு நிறுத்தக் கட்டணம் 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது. வெளியே தங்கிக் காரில் வருவோருக்கான பூங்கா நிறுத்தக் கட்டணமோ, 2023 அக்டோபரில் நாளொன்றுக்கு 25 டாலரிலிருந்து 30 டாலர் ஆனது. அமெரிக்காவில் மகனையோ மகளையோ பார்க்கப் போன உறவினர் ஐந்தாண்டுக்கு முன் சொன்ன தகவலை நம்பித் திட்டமிட்டால் இதனால்தான் ஏமாற்றம் வருகிறது.

இந்தியாவிலிருந்து போய் அங்கே கார் ஓட்ட விரும்புவோர், இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. அது ஓராண்டுக்குச் செல்லும். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கமாகச் செல்கின்றன. நீண்ட விமானப் பயணம் முடிந்து இறங்கிய அன்றே அறிமுகமில்லாத பக்கத்தில் ஓட்டத் தொடங்குவது நல்லதன்று. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம் என்பது புளோரிடா சட்டம்; அதற்கும் வாடகை. 25 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டினால் வாடகை நிறுவனங்கள் கூடுதல் தொகை வாங்குகின்றன. ஆகவே, பூங்காவில் கழியும் நாள்களுக்கு விடுதிப் பேருந்தை வைத்துக்கொண்டு, விண்வெளி மையம், கடற்கரை என்று வெளியே போகும் ஓரிரு நாளுக்கு மட்டும் கார் எடுப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும்.

முன்பதிவுக்கு முன் விடுதியிடம் கேட்பவை

‘வாகன வசதி உண்டு’ என்று விடுதி விளம்பரம் செய்தால், அது இலவசமா கட்டணமா, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று கேட்க வேண்டும். பூங்காவிலிருந்து விடுதிக்குத் திரும்பும் கடைசி வண்டியின் நேரம் இன்னும் முக்கியம். காலையில் கூட்டமாக அழைத்துப்போய் மாலையில் ஒரே ஒரு முறை திருப்பிக் கொண்டுவரும் விடுதிகள் உண்டு. உச்சிவெயிலில் குழந்தைக்கு உடல்நிலை சரியில்லாமல் போனால் நடுவில் திரும்ப வழி இருக்கிறதா என்பதும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியதே. கடைசி நாள் காலையில் அறையைக் காலி செய்த பின் பெட்டிகளை எங்கே வைப்பது? காரில் வந்தவருக்கு வண்டியின் டிக்கியே பெட்டி அறை. ரயிலில் வந்தவர், விடுதி வரவேற்பறையில் மாலை வரை பெட்டிகளை வைத்துக்கொள்ள இசைகிறார்களா என்று பதிவு செய்யும்போதே தெரிந்துகொண்டால், ஈரத்துணி மூட்டையுடன் பூங்காவுக்குள் அலைய நேராது.